இயற்கை முடி

குன்னத்தில் பார்லர் வைத்திருக்கும் தனக்கொடிக்கு ஆட்டுவாடை அடியோடு ஆகாது. ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவள்தான். மழைநாளில் குட்டிகளோடு ஒரே கொட்டகையில் படுத்தெழுந்து பள்ளிக்கூடம் போனால், பக்கத்தில் உட்காரும் சத்யா மூக்கைப் பொத்திக்கொள்வாள். "வாடை அடிக்குது, எட்ட குந்துடி!"

அன்று தேய்க்கத் தொடங்கிய சோப்பை அவள் இன்னும் விடவில்லை.

போன வாரம் ஆன்லைனில் மேக்கப் பிரஷ் செட் ஒன்று வாங்கினாள். டப்பாவில் 'இயற்கை முடி' என்றிருந்தது. இயற்கை என்றால் ஏதோ மூலிகை சமாசாரம் என்று எண்ணிக்கொண்டாள். கன்னத்தில் தடவிப் பார்த்தாள். அவ்வளவு மெத்து! சொக்கிப்போய், கழுவிக் காயவைக்கலாமென்று வெந்நீரில் முக்கினாள்.

குப்பென்று கிளம்பியது, நனைந்த கிடாவின் அதே மொச்சை வாடை. பதறி உதறினாள். கோயிலில் வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கிடா உடம்பைத் துலுக்குமே, அப்படித் தண்ணீர் தெறித்து உதட்டில் விழுந்தது.

"த்தூ! ஆட்டு மசுரு!"

மூன்று முறை வாய் கொப்பளித்தாள். குப்பையில் எறியப் போனவள், மறுநாள் மேக்கப்புக்கு வரப்போவது யாரென்று நினைத்ததும் நிதானமாகக் காயப்போட்டாள்.

மறுநாள் நாற்காலியில் சத்யா கண்மூடிச் சாய்ந்திருந்தாள். "என்னா மெத்துடி இது! மூஞ்சி பூரா நல்லா தடவு."

தனக்கொடி தடவினாள். வாடை அவள் மூக்கில்தான் ஏறியது. ஒரு கையில் பவுடர், ஒரு கையில் பிரஷ். மூக்கைப் பொத்தத்தான் கை இல்லை.