ஒரு கை கொச்சிக்காயும் ஒரு போத்தல் தேனும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினார்.

இவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. யானை வேலியை முறித்துக்கொண்டு வளவுக்குள் வந்த அன்றுகூட, “வருகுது போலை கிடக்கு” என்று சொல்லிவிட்டு, ஆறுதலாகச் சாரத்தை மடித்துக் கட்டியவர். அப்படிப்பட்ட மனிதர் ஓடினார். வாளியைக் கிணற்றில் விட்டு, இழுத்து, வாளிக்குள்ளேயே முகத்தை வைத்தார்.

என்ன காரணம்? பாம்பா? பேயா? இல்லை... தேன். நான் என் கையால் காய்ச்சிய தேன்.

கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் என்மேல் பழி விழாது. சொன்னாலும் விழும். பரவாயில்லை, சொல்கிறேன்.

எனக்கு ஓர் அண்ணர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கடை வைத்திருக்கிறார். நல்லவர். என்மேல் உயிர். அந்த உயிரைத்தான் தாங்க முடிவதில்லை. வன்னியில் துணுக்காய்ப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து, தன் தங்கச்சியை யாரோ காட்டில் கொண்டுபோய் எறிந்துவிட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் பனங்கட்டி, எள்ளுப்பாகு, மலேரியாக் குளிசை, முருங்கைக்காய் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முருங்கைக்காய்! எங்கள் வேலி முழுவதும் நிற்பது முருங்கைதான். சொன்னால் கேட்பாரா?

வந்து கதிரையில் இருந்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“பிள்ளை, இப்பவும் இஞ்ச யானை வாறதோ?”

“வந்தால் இருக்கச் சொல்லித் தேத்தண்ணி குடுப்பம் அண்ணை” என்பேன். சிரிக்க மாட்டார்.

இந்த முறை அண்ணர் ஒரு பெரிய திட்டத்தோடு சொல்லி அனுப்பியிருந்தார். கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். என் கணவர் கடையில் இருக்கலாமாம். அண்ணரின் வளவுக்குள் பின்வீடு சும்மாதான் கிடக்கிறதாம், நாங்கள் அதில் குடியிருக்கலாமாம். காணியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானாம். ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து முடிவு கேட்பாராம்.

எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணம் கசக்குமா? கசக்காது. ஆனால் அங்கே போனால் நான் யார்? முதலாளியின் தங்கச்சி. பின்வீட்டுக்காரி. அண்ணரின் மனைவி, என் மச்சாள், சமைக்கும் குசினியைத் தாண்டித்தான் கிணற்றுக்கே போக வேண்டும். கறிக்கு உப்புக் கூடினாலும் முன்வீட்டுக்குத் தெரிந்துவிடும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் காடு வெட்டினோம், வேர் கிளப்பினோம். முதல் போகத்தைப் பன்றி தின்றது. அடுத்த போகத்தை வெள்ளம் தின்றது. அதற்கடுத்ததைத்தான் நாங்கள் தின்றோம். அந்தச் சோற்றை விட்டுவிட்டு நான் போவதா? இந்த மண்ணை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்றால் அப்படிப் பிடிக்கும். அதற்குமேல் விளக்கம் இல்லை.

“நீங்கள் மாட்டன் எண்டு சொல்லிப்போடுங்கோ” என்று இவரிடம் சொன்னேன்.

“பாப்பம்” என்றார்.

இதுதான் என் கணவர். ‘மாட்டன்’ என்ற சொல் இவர் வாயிலிருந்து வராது. எவ்வளவு முட்டி மோதினாலும் ‘பாப்பம்’ என்றுதான் வெளியே வரும். எங்கள் கொலனியில் ‘பாப்பம்’ என்றால் ‘இல்லை’ என்று எல்லோருக்கும் விளங்கும். அண்ணருக்கு மட்டும் அது ‘ஓம்’ என்று விளங்கும். வியாபாரி அல்லவா?

நான் சொன்னால் என்ன என்றா கேட்கிறீர்கள்? சொன்னேனே! போன முறை சொன்னேன், அதற்கு முந்தின முறையும் சொன்னேன். “நீ சும்மா இரு பிள்ளை, ஆம்பிளையள் கதைக்கிறம்” என்றார். ஆக, என் தலைவிதி இவருடைய நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாக்கோ ஒருவரையும் நோகடிக்காத நாக்கு.

சரி, வாயால் முடியாததை வயிற்றால் சாதிப்போம் என்று முடிவு செய்தேன். அண்ணருக்கு அப்படி ஒரு விருந்து வைக்க வேண்டும், “இப்பிடிச் சாப்பிடுற சனத்தை நான் ஏன் கூப்பிடுறன்?” என்று அவருக்கே தோன்ற வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். மீன். அண்ணர் கடல் மீன் தின்று வளர்ந்தவர். குளத்து மீன் என்றால் மூக்கைச் சுளிப்பார். சேறு மணக்குமாம். எங்களுக்குக் கிடைப்பதோ குளத்து விரால்.

அப்போதுதான் நான் அக்காபோல் பழகும் ஆயிஷா ராத்தாவின் நினைவு வந்தது. ராத்தாவின் கணவர் முல்லைத்தீவுக்காரர், மாங்குளம் சந்தியில் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால்தான் வீடு. பெருநாளுக்குப் போயிருந்தபோது ராத்தா பொரித்த மீனின்மேல் ஏதோ ஒன்றை ஊற்றித் தந்தார். முதலில் இனித்தது. பிறகு உறைத்தது. பிறகு இன்னும் ஒரு துண்டு கேட்க வைத்தது. அது என்ன மீன் என்றே நான் கவனிக்கவில்லை. சேற்றையே பொரித்துத் தந்திருந்தாலும் தின்றிருப்பேன்.

“இதென்ன ராத்தா?”

“தேன்தான் புள்ள. காட்டுத் தேன். ஒரு போத்தலுக்கு ஒரு கை கொச்சிக்கா போடுங்க. கொதிக்க விட்டுடாதீங்க, தேன் செத்துப் போகும். சூடு பிடிச்சா போதும். ஒரு ராவு ஊறவிட்டு வடிங்க. கொஞ்சம் உப்பு, புளிப்புக்குக் கொஞ்சம் வினாகிரி. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்! இதைவிடச் சுலபமான சமையல் உலகத்தில் உண்டா? வெந்நீர் வைப்பதுகூட இதைவிடக் கஷ்டம்.

தேன் வீட்டில் இருந்தது. கொச்சிக்காய்க்கும் பஞ்சமில்லை. எங்கள் கிணற்றடியில் ஒரு செடி நிற்கிறது. நாங்கள் நடவில்லை, குருவி நட்டது. சின்னஞ்சிறு காய்கள், சிவப்புச் சிவப்பாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் பேச்சில் கறிக்குப் போடுவது மிளகாய், அது காய்ந்தால் செத்தல். கொச்சிக்காய் என்றால் இது ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரம் ஒரு கை நிறையப் பறித்தேன். சும்மா ஒரு கை இல்லை, அண்ணருக்கென்று தாராளமாக ஒரு கை. கீறினேன். மண்சட்டியில் தேனை விட்டு, தணல்மேல் வைத்து, அதற்குள் போட்டேன். சட்டியின் ஓரத்தில் ஊசிமுனை போல் குமிழ் வந்ததும் இறக்கிவிட்டேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல இனிப்பு. பின்னால் சின்னதாக ஒரு சுரீர். ஆகா! மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் வடித்தேன். உப்பு, வினாகிரி சேர்த்தேன். மறுபடி ருசி பார்த்தேனா? இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? ஒரே இரவில் தேனுக்குக் குணம் மாறுமா?

மாறும்.

அண்ணர் வந்தார். மூட்டை வந்தது. முருங்கைக்காய் வந்தது. யானையும் விசாரிக்கப்பட்டது. பிறகு பாயில் இருந்தார்கள், அண்ணரும் இவரும். எங்கள் வயல் அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் கறி, பருப்பு, விரால் பொரியல். அண்ணர் கறியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“இதென்ன பிள்ளை, உறைப்பே இல்லை? வன்னிக்கு வந்து உங்கட நாக்கும் செத்துப் போச்சோ?”

தேன் போத்தலை எடுத்து வந்து வைத்தேன்.

“தேனோ? மருந்து குழைக்கிற சாமானை மீனுக்கு விடுறதோ?”

“ஒருக்கால் விட்டுப் பாருங்கோ அண்ணை.”

தேன்தானே என்று மளமளவென்று ஊற்றினார். இவரும் ஊற்றினார். ஒரு வாய். அண்ணரின் முகம் மலர்ந்தது. “அட... நல்லாத்தான் இருக்கு பிள்ளை!” என்றார். என் மனம் வரப்பில் குதித்தது. இரண்டாவது வாய். மூன்றாவது வாய்க்குக் கை போனது... அப்படியே நின்றுவிட்டது.

முதலில் காது சிவந்தது. பிறகு மூக்கு நுனி. பிறகு வழுக்கைத் தலையில் முத்து முத்தாக வியர்வை. கண் இரண்டும் குளம். அண்ணர் ஆடாமல் அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உறைக்குதோ அண்ணை?”

“சீச்சீ... ஆர் சொன்னது?” குரல் எங்கோ அடிக்கிணற்றிலிருந்து வந்தது. நிரூபிப்பதற்காக இன்னொரு துண்டைத் தேனில் தோய்த்து வாயில் போட்டார்! இப்போதுதான் எங்கள் நாக்குச் செத்துவிட்டதென்று தீர்ப்புச் சொன்னவர். எந்த முகத்தோடு பின்வாங்குவார்? மனிதருக்கு எரிகிற வாயை அணைப்பதைவிட மானத்தைக் காப்பது முக்கியமாக இருந்தது.

இவருக்கு அப்படிப்பட்ட மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. எழும்பினார். ஓடினார். அதுதான் முதலில் சொன்ன ஓட்டம்.

நான் எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்தேன். அண்ணர் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். “கொஞ்சம் தாவன்... செமிபாட்டுக்குத்தான்” என்றார்.

தயிருக்குத் தேன் விட்டுத் தின்னும் பழக்கதோஷம், என் வாய் கேட்டுவிட்டது: “தேன் விட்டுத் தரட்டோ அண்ணை?”

அவர் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதினால் பத்திரிகை எரிந்துவிடும்.

இவர் கிணற்றடியிலிருந்து வந்தார். முகமெல்லாம் தண்ணீர். நாக்கு வெளியே. அண்ணருக்கு அப்போது பேச்சை மாற்ற வேண்டிய அவசரம். கதையை நேரே கடைக்குக் கொண்டுவந்தார்.

“அப்ப மச்சான், என்ன முடிவு? எப்ப வாறீர்?”

இவர் வாயைத் திறந்தார். ‘பாப்பம் மச்சான், அதுக்கென்ன, யோசிச்சு ஆறுதலாச் சொல்லுறன்’ என்று இழுப்பதற்கு ஆறுதலான நாக்கு வேண்டுமே! இவரிடம் இருந்தது நெருப்பு.

“மாட்டன்!” என்றார்.

வெளியே கோழி ஒன்று கொக்கரித்தது.

“என்ன சொன்னீர்?”

“மாட்டன் மச்சான். கடையில இருக்க என்னால ஏலாது. எனக்கு இந்த வயல் போதும், காணும்.” மூச்சு வாங்கினார். தயிரை ஒரு வாய் விழுங்கினார். “இவளுக்கும் காணும்.”

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் இந்த மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அன்று நான் அந்தத் தேனை வாயில் வைக்கவேயில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணர் தயிர்ச் சட்டியை வழித்து முடித்தார். கையைக் கழுவினார். “மிச்சத் தேனை ஒரு போத்தலில விட்டுத் தா பிள்ளை. உன்ர மச்சாளுக்கு” என்றார். அன்பா, பழிவாங்கலா என்று முகத்தில் தெரியவில்லை. கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் அண்ணரை வண்டி ஏற்ற நான்தான் மாங்குளத்துக்குப் போனேன். வாயை மூட முடியாத நிலையில் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று இவர் வீட்டிலேயே நின்றுவிட்டார். ஸ்டேசனுக்குப் போகும் வழியில் ராத்தாவின் கடையில் நின்று நடந்ததைச் சொன்னேன்.

ராத்தா நெஞ்சில் கை வைத்தார். “எந்தக் கொச்சிக்கா போட்டீங்க?”

“கொச்சிக்காய்தான் ராத்தா. சின்னது. வானத்தைப் பாத்து நிக்குமே...”

“அல்லாவே! அது ஊசிக் கொச்சிக்கா! நான் சொன்னது இது.” கடைச் சாக்கில் கையை விட்டு அள்ளிக் காட்டினார். நீட்டு நீட்டான சாதாரணச் செத்தல் மிளகாய்! ராத்தாவின் வீட்டில் எல்லா மிளகாய்க்கும் ஒரே பெயர்தான், கொச்சிக்கா. “ஊசிக் கொச்சிக்கா நாங்க ஒரு சட்டிக்கே ஒண்டுதான் போடுவோம். ஒரு கையா? ஆரு திண்டது?”

நான் வாசலில் நின்ற அண்ணரைக் காட்டினேன். ராத்தா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், மிகுந்த மரியாதையோடு.

ஆகவே வாசகர்களே, வீட்டில் செய்து பார்ப்பதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். செத்தல் மிளகாய் ஒரு கை. எந்த ஊர்க்காரர் பக்குவம் சொன்னாலும், சொல்லை மட்டும் வாங்காமல் காயைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஸ்டேசனில் வாங்குப் பலகையில் இருந்தோம். அண்ணர் மடியில் தேன் போத்தல்.

“பின்வீட்டுக்கு வெள்ளையடிச்சுப் போட்டன் பிள்ளை” என்றார். “புகை போற மாதிரிக் குசினிக் கூரைக்கு ஓடும் மாத்தினனான். நீ புகை தாங்கமாட்டாய் எண்டு.”

போகாமல் இருந்ததில் கவலை இல்லை. ஆனால் அந்தக் குசினி ஓட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வண்டி தூரத்தில் கூவியது. அண்ணர் சால்வையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“இன்னும் உறைக்குதோ அண்ணை?”

“ஓம் பிள்ளை” என்றார். “இன்னும் உறைக்குது.”

சாப்பிட்டது மத்தியானம். வண்டி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவ்வளவு நேரம் உறைக்கிற கொச்சிக்காய் வன்னியில் முளைப்பதில்லை.