கடைவயலுக்குத் தண்ணீர் ஏன் பிந்தியது?

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சிறுபோகம், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் கோடை நெற்செய்கை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வட்டைக்கு, அதாவது ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்வெளிக்கு, நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் முறை என்று விவசாயிகளின் போனுக்கு அது குறுஞ்செய்தி அனுப்பும். திறந்த மூலம், யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், கொண்டுபோகலாம்.

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள், கொஞ்சம் வாய்க்காரி. முறையைக் கணிக்கும் பகுதியை எழுத எங்களுக்கு நேரம் போதவில்லை. அப்போது ஒரு கம்பனி, அதற்கென்றே தாங்கள் செய்த மொடியூலை, அதாவது எங்கள் மென்பொருளோடு பொருத்தக்கூடிய ஒரு பகுதியை, இலவசமாகத் தந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க மட்டும் முடியாது. எங்கள் குழுவில் ஓட்டமாவடி ஊர்த் தோழி ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“இலவசம் வேற, திறந்தது வேற மச்சி. நாளைக்கு ஒரு பிழை வந்தா ஆருக்கிட்டப் போய் நிக்கிற?”

“தானம் குடுத்த மாட்டப் பல்லைப் பிடிச்சுப் பாக்காத கா!” என்று எல்லோர் முன்னும் அவளை நக்கலடித்துவிட்டு, மொடியூலைச் சேர்த்துவிட்டேன்.

சில வாரங்களில் ஒரு காலை போன் வந்தது. வாய்க்காலின் கடைசி வயலைச் செய்யும் பெண்.

“தங்கச்சி, தண்ணி குறைஞ்சா கடைவயலுக்குத்தான் முதல் எண்டு கூட்டத்தில எல்லாரும் கையுயர்த்தித்தானே முடிவெடுத்த? என்ட முறை ஏன் கடைசிக்குப் போன? நெல்லு குடலையில நிக்கிது, கதிர் வெளியில வாற நேரம். வயல் வெடிக்கத் தொடங்கிட்டு.”

அவர் சொன்னது சரி. போகம் தொடங்குமுன் எல்லோரும் கூடித் தண்ணீர் முறையைப் பேசி முடிப்பது அந்த வட்டையின் வழக்கம். மொடியூலோ மதகுக்குக் கிட்ட இருந்த வயல்களிலிருந்தே தொடங்கியிருந்தது. ஏன்? எனக்குத் தெரியாது! கம்பனிக்கு எழுதினேன். கணிக்கும் விதம் தங்கள் வியாபார ரகசியம், அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதுவரை நெல் காத்திருக்குமா? என் மென்பொருளைப் பற்றி என்னிடம் கேட்கிறார், நானோ கம்பனியைக் கேட்க வேண்டியிருக்கிறது. வெட்கத்தில் அழுதேவிட்டேன்.

தோழிக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். குத்திக்காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். “அத வுடு மச்சி, நாளைக்கு முதல் பஸ்ஸில வாறன்” என்றாள்.

வட்டை விவசாயிகளின் கமக்காரர் சங்கக் கட்டடத்தில் இரண்டு நாள் இருந்தோம். மொடியூலைக் கழற்றி எறிந்துவிட்டு, கூட்டத்தில் எடுத்த முடிவை வரிவரியாக நாங்களே எழுதினோம். கணிக்கும் விதிகளைச் சாதாரணத் தமிழில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். முதலில் வந்து வாசித்தவர் அந்தக் கடைவயல் பெண்தான். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தவர், நாலாவது வரியில் நின்றுவிட்டார்.

“இதென்ன புள்ளையள்! எங்கட வயலுக்குத் தண்ணி வந்து சேரவே அரை நாள் போகும். மதகு திறந்த உடன நேரத்த எண்ணத் தொடங்கினா, என்ட முறை வாய்க்காலுக்குள்ளேயே முடிஞ்சிருமே!”

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பட்டம் வாங்கிய இரண்டு மூளைகளுக்கும் அது உறைக்கவேயில்லை. அங்கேயே, அவர் பார்த்திருக்கத் திருத்தினோம். மறுநாள் மதகு திறந்து, அரை நாள் கழித்து அவரே போன் எடுத்தார். “தண்ணி வரம்பு முட்ட நிக்கிது தங்கச்சி!” நானும் தோழியும் துள்ளிக் குதித்தோம். நெல் தப்பியது.

எங்கள் மென்பொருளில் பங்களித்தவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. கம்பியூட்டரைத் தொட்டே அறியாத அந்தப் பெண்ணின் பெயரை அதில் சேர்த்தோம். என் பிழையையும் எல்லோரும் பார்க்கக்கூடியதாக நானே அங்கே எழுதி வைத்தேன்.

இன்று அது வேறு வட்டைகளிலும் ஓடுகிறது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் உள்ளே பார்த்துப் பிழை பிடித்து எழுதுகிறார்கள். முன்பென்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். இப்போது யாராவது “இது ஏன் இப்படி?” என்று கேட்டால், “இந்தா, நீங்களே பாருங்க” என்று என்னால் சொல்ல முடிகிறது, அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் தலை நிமிர்ந்தே இருக்கிறது.