இடப்பக்கத்து ஆட்டக்காரரின் மட்டை

அண்ணா இருபது வருடங்களுக்குப் பிறகு ஸ்பெயினிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தபோது, சொக்கிளேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் அது கிடந்தது. பிடியைப் பார்த்தால் மட்டைதான். ஆனால் நரம்பு இல்லை. கறுப்பாக, ஒரு விரற்கடைக்கு மேலே தடிப்பாக, முகம் முழுக்கத் துளை. என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், எண்ணெய்க்குள்ள முறுக்கு அரிக்கிற கண்ணகப்பை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

எனக்குக் கை குறுகுறுத்தது. புதிதாக ஒரு பொருளைக் கண்டால் அதை நோண்டிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அதுவும் மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். நான் அப்போது எங்கள் ஊரிலிருந்து பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குப் போய் ஒரு பாடசாலையில் விளையாட்டுப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் பூப்பந்து பழகியவள். எழும்பிப் பந்தைக் கீழே அறைவதுதான் என் ஆட்டம். மெல்லத் தட்டி விளையாடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

ஆட்டத்தின் பெயர் பாடெல் என்றார் அண்ணா. டென்னிஸ் மாதிரித்தான், ஆனால் களத்தைச் சுற்றிச் சுவர் இருக்கும். பந்து நிலத்தில் குத்திச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தாலும் எடுத்து அடிக்கலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். இடப்பக்கம் நிற்பவர் அடிப்பவர். வலப்பக்கம் நிற்பவர் பொறுமையாக ஆடி, மற்றவருக்கு அடிக்க வழி பண்ணிக் கொடுப்பவர். இந்த மட்டை இடப்பக்கத்தவருக்கென்றே செய்தது, அதிலும் கைதேர்ந்தவருக்கு.

"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அண்ணா தகரக் கொட்டிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, வலது தோளைப் பிடித்தபடி சொன்னார். அங்கே அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. எத்தனையோ வருடம் பாத்திரம் கழுவி, வெங்காயம் வெட்டி, ஒருவரோடும் ஒட்டாமல் இருந்தவரைக் கூட வேலை செய்த ஒருவன் ஒருநாள் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அண்ணாவின் வீச்சைப் பார்த்து இடப்பக்கத்தில் நிறுத்தியிருக்கிறான். அன்றிலிருந்து இருவரும் சோடி.

"அந்த ஊரில ஒராள் என்னைப் பாத்து இது உன்ர இடம் எண்டு சொன்னதெண்டால், அது அங்கைதான் பிள்ளை."

இப்போது தோள் சவ்வு கிழிந்து, மருந்தெடுத்து, பாதி குணமாகியிருந்தது. இனி வலப்பக்கம் வா, மெதுவான மட்டையாகப் பிடி என்று அந்தச் சோடிக்காரன் சொன்னானாம். அண்ணாவுக்கு ரோசம். அவன் சொன்ன மெதுவான வட்ட மட்டையையும் வாங்கி, கூடவே இதையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். தெரிந்தவர் ஒருவரும் பார்க்காத இடத்தில் இந்த மட்டையைத் தன்னால் ஆள முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் இடப்பக்கம் அவருக்கு. முடியாவிட்டால் அந்தச் சோடிக்காரனுக்கு. திரும்பிப் போவதற்கு முன் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டும்.

சுவருக்கு எங்களிடம் பஞ்சமில்லை. ஐயா கட்டிய வீட்டை விட்டுச் சண்டைக்குப் பயந்து நாங்கள் ஓடிய பிறகு கூரை போய், நிலை கதவு யன்னலெல்லாம் போய், உட்சுவர்களும் விழுந்து, வெளிச்சுவர் நாலும் சீமெந்து நிலமும்தான் மிஞ்சியிருந்தன. அரசாங்க வீட்டுத்திட்டத்தில் எங்கள் முறை வரும்வரை அதே வளவில் தகரத்துக்குள் குடியிருந்தோம். அண்ணா அந்த நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "அளவு கொஞ்சம் குறைவு, பரவாயில்லை" என்றார். நிலத்தைக் கூட்டி, இடிபாட்டை வாரி, யன்னல் ஓட்டைகளைப் பலகையால் அடைத்து, குறுக்கே பழைய வலைத்துண்டு ஒன்றைக் கட்டினோம். விளையாடக் களம் கிடைத்துவிட்டது.

முதலில் நான் மட்டையை ஆராய்ந்தேன். இரண்டு மட்டைகளையும் மாறி மாறி ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தேன். வட்ட மட்டை பிடிக்குக் கிட்டவே சமநிலைக்கு வந்தது. இது தலைப்பக்கம் சரிந்து சரிந்து விழுந்தது. பாரமெல்லாம் உச்சியில். முகம் வட்டமாக இல்லாமல் மேலே அகன்று பட்டம் போல இருந்தது. பெருவிரலால் அழுத்தினால் வட்ட மட்டை கொஞ்சம் இளகிக் கொடுத்தது. இது அசையவில்லை. மேற்பரப்பு மரம் தேய்க்கிற தாள் போலச் சொரசொரவென்று, பந்தைப் பிடித்துச் சுழற்றுவதற்காக.

விடியற்காலையில் தனியாகப் போய்ச் சுவரில் அடித்தும் பார்த்தேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கையளவு ஒரு இடம். பந்து அதில் பட்டால் வெடி மாதிரிப் போகும். அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பட்டால் பந்து செத்து விழும், முழங்கை வரைக்கும் விறைக்கும். பொல்லாத மட்டை. எனக்கு அதை மிகவும் பிடித்துக்கொண்டது.

பின்னேரங்களில் ஆட்டம். அண்ணா இடப்பக்கம், நான் வலப்பக்கம். எதிரே என் கணவரும், எங்களைப் போலவே இந்தியாவிலிருந்து திரும்பிக் கடற்றொழிலுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரும். அவர்களில் ஒருவர் கையில் வட்ட மட்டை, மற்றவர் கையிலும் என் கையிலும் தச்சர் வெட்டித் தந்த பலகை. பக்கத்து வீட்டுக்காரர் வீச்சுவலை எறிகிற கைக்காரர். அவர் அடித்தால் சுவர் தாங்குமா என்று பயந்துகொண்டுதான் முதல் நாள் இறங்கினேன்.

சுவர் தாங்கியது. அண்ணா வென்றார். அடுத்த நாளும் வென்றார். அதற்கடுத்த நாளும். அடிக்கிற அடியெல்லாம் மூலைக்குள் போய் விழுந்தது. அண்ணாவுக்குத் தலைகால் புரியவில்லை. "தோள் நோ எங்கை போச்செண்டே தெரியேல்லை. இந்த மட்டை என்ர கைக்கெண்டே செய்தது" என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சோடிக்காரனுக்கு அழைத்து, இடப்பக்கத்தை விடமாட்டேன் என்று சொல்லப்போவதாகச் சொன்னார்.

எனக்குச் சந்தோசம்தான். ஆனால் மண்டைக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பொல்லாத மட்டை ஒருநாளாவது அவர் கையை விறைக்க வைக்காதா? விட்டேனா. பாடசாலையிலிருந்து வெண்கட்டித் தூள் கொண்டுவந்து பந்துகளில் தேய்த்தேன். பந்து மட்டையில் எங்கே படுகிறதென்று பார்க்கத்தான். ஆட்டம் முடிந்து பார்த்தால், கறுப்பு முகத்தில் வெள்ளை அடையாளமெல்லாம் அந்த உள்ளங்கையளவு இடத்துக்குள்ளேயே அப்பிக் கிடந்தது. வெளியே ஒரு பொட்டு இல்லை.

இவ்வளவு காலத்தில் எந்த ஆட்டக்காரரின் மட்டையிலும் நான் அப்படிக் கண்டதில்லை. பந்து எப்போதும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், கைக்கு நேரே வந்தால்தான் அப்படி விழும். நான் வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன, பந்தைத் தூக்கித் தூக்கிக் குடுக்கிறியளோ?"

அவர் ஒளிக்கவுமில்லை. "பின்னை என்ன ரீச்சர்? இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த மனிசனைத் தோக்கடிச்சே அனுப்பிறது? வந்த ஆளுக்குச் சந்தோசமா இருக்கட்டும்."

என் கணவரைக் கேட்டேன். அவரும் அதே பாட்டைத்தான் பாடினார். "விருந்தாளியெல்லோ" என்றார். ஒருவரோடொருவர் பேசிவைத்துச் செய்ததுகூட இல்லை. வந்தவருக்கு மீனின் நடுத்துண்டைப் போடுவதை எப்படி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையோ, அப்படி இருவரும் தாங்களாகவே செய்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் இருவரையும் நன்றாக ஏசிவிட்டேன். "அந்த மனிசன் அங்கை போய் உண்மையான ஆக்களோட விளையாட வேணும். நீங்கள் குடுத்த பந்தை நம்பி இடப்பக்கம் நிண்டால் அந்தத் தோள் முழுசாப் போகும். அதுக்குப் பிறகு இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை." இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஆனால் அண்ணாவுக்கு எதிராகக் கையை ஓங்கி அடிக்க ஒருவரும் தயாரில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மட்டையைத் துடைத்து, பந்துகளில் திரும்பவும் வெண்கட்டி தேய்த்துவிட்டு நான் பக்கம் மாறி, வட்ட மட்டையை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றேன். என் கணவர் அண்ணாவோடு நின்றார். சோளகக் காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. முதல் பந்தை அண்ணாவின் காலடியில் அறைந்தேன். சிரித்தார். அடுத்ததை அவர் தலைக்கு மேலால் பின்சுவர் வரை தூக்கினேன். ஓடிப்போய் அங்கிருந்து அடிக்க வேண்டும். அடித்தார். திரும்பவும் பின்னுக்குத் தூக்கினேன். திரும்பவும். மட்டையின் உச்சிப் பாரம் அவர் கையைப் பின்னால் இழுப்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய பந்துகள் வலையைத் தாண்டவில்லை. பிறகு கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. மட்டை மணிக்கட்டுக் கயிற்றில் தொங்க, அண்ணா சுவரில் சாய்ந்து நின்றார். மட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை அடையாளம் விளிம்பிலும் கழுத்திலும் கண்டபடி சிதறிக் கிடந்தது.

"நீ ஏன் பக்கம் மாறினனீ எண்டு இப்ப விளங்குது" என்றார். பிறகு மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் கையிலிருந்த பலகையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

ஏசுவார் என்று நினைத்தேன். கயிற்றைக் கழற்றி, மட்டையை என்னிடம் நீட்டினார். "இப்ப நீ அடி. நான் தூக்கித் தாறன். இது என்ன செய்யுமெண்டு எனக்குப் பாக்க வேணும்."

அடித்தேன். பந்து எதிர்ப்பக்க நிலத்தில் குத்தி, சுவருக்கு மேலால் கூரையில்லாத வானத்துக்குள் போய் வெளியே கடல்நீர் ஏறி வற்றுகிற சேற்றுத்தரையில் விழுந்தது. பாடெலில் அதைவிடப் பெரிய அடி இல்லையாம். "எங்கை பட்டது? கை விறைச்சதோ? இன்னும் கொஞ்சம் பிந்தி அடிச்சுப் பார்" என்று கேள்விமேல் கேள்வி. தோற்ற மனிதர் போலவே இல்லை. கைவசமிருந்த பந்தெல்லாம் வெளியே போகும்வரை அடிக்கவைத்தார். "மட்டையில பிழையில்லை" என்றார். "அருமையான மட்டை. நீயே வைச்சிரு."

ஞாயிற்றுக்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. அங்கேயே நின்று சோடிக்காரனுக்கு அழைத்தார். எனக்கு அந்தப் பாசை விளங்காது. அண்ணா இரண்டு மூன்று சொல் சொன்னார். அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேச்சு. அண்ணா உம் கொட்டிக்கொண்டே வந்து, கடைசியில் சீமெந்து நிலத்தில் குந்திவிட்டார்.

"என்னவாம் அண்ணா?"

"வலப்பக்கம் வாறன் எண்டன். சந்தோசமாம். தோள் கிழிஞ்சதில இருந்து, எனக்குப் பின்னால போற பந்தையெல்லாம் தானே ஓடி ஓடி எடுத்தவனாம். எனக்குத் தெரியக்கூடாதெண்டு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்கையும் நான் விருந்தாளிதான் பிள்ளை. இஞ்சையும் விருந்தாளிதான்."

பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போன பந்துகளை எடுக்க அவசரமாகக் கிளம்பினார். அதுவரை ஒருநாளும் அண்ணாவைப் பந்து எடுக்க நாங்கள் விட்டதில்லை.

"நீங்கள் நில்லுங்கோ" என்று அவரைத் தடுத்தேன். "அண்ணா, பந்தெல்லாம் சேத்துக்குள்ள கிடக்கு. போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

என் கணவர் என்னை முறைத்தார். அண்ணா எழும்பி, செருப்பைக் கழற்றிப்போட்டு, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார்.