வெளிநடப்பு அண்ணன்

கால்பந்து ஸ்டேடியத்தின் கிழக்கு ஸ்டாண்டில் பதினொன்றாவது வரிசையில், படிக்கட்டை ஒட்டிய முதல் இருக்கை அவருடையது. பதினெட்டு வருடமாக சீசன் டிக்கெட் எடுத்து அதே இருக்கை. அதில் உட்கார்ந்து ஒரு ஆட்டத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை.

ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருக்கிறார். நூற்று நாற்பது மெஷின்கள் ஒன்றாக ஓடும் கூடத்தில் ஒன்று தையல் விட்டால், எந்த வரிசையில் எத்தனையாவது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஊசிக்கும் அதற்குக் கீழே சுற்றும் கொக்கிக்கும் நடுவில் ஒரு தாள் மட்டும் நுழையும் அளவு இடைவெளி வைத்துத் திருகை முடுக்குகிற கை அவருடையது. சனிக்கிழமை மதியம் ஸ்டேடியத்துக்குள் போய்விட்டால் அந்தக் கையால் ஒரு டீ கப்பைச் சிந்தாமல் பிடிக்க முடியாது.

ஆட்டம் எழுபது நிமிடத்தைத் தாண்டியதும் ஆரம்பிக்கும். முதலில் உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்கும். ஆடுகளத்தின் பச்சை நிறமே கண்ணைக் குத்துவதுபோல் இருக்கும். எழுந்து படியிறங்கி ஸ்டாண்டுக்கு அடியிலுள்ள நடைக்குப் போய்விடுவார். அங்கே கழிவறைக்கும் டீக்கடைக்கும் நடுவே, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நடப்பார். ஆட்டம் முடிந்து இறங்கிவருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவைத் தெரிந்துகொள்வார்.

முதல் வருடம் பக்கத்து இருக்கைக்காரருக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவர் பஸ் டிரைவர், வாயும் ஹாரன் மாதிரிதான். "எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யுதுங்கோ!" என்று கத்தினார். அன்றிலிருந்து பெயர் வெளிநடப்பு அண்ணன் ஆயிற்று. மூன்றாம் வருடம் ஒரு விபரீதம் நடந்தது. அவர் இறங்கிப் போன சில நிமிடங்களில் அணி கோல் போட்டது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. பிறகு கோல் விழாத தடவைகளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அணி பின்தங்கினால் அந்த வரிசையே அவரைத் திரும்பிப் பார்க்கும். "அண்ணே, டைம் ஆச்சு, கிளம்புங்க" என்பார் டிரைவர். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. பயந்து ஓடுகிற மனுஷனை ஊரே வழியனுப்பி வைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

போன சீசனின் கடைசியில் அந்த நடையிலேயே மூச்சு வாங்கி, சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். இடது கை மரத்துப்போயிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மனைவிக்குத் தகவல் போய், அவர் வழியிலேயே ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு டாக்டரம்மா காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "இதயத்துல ஒரு குறையும் இல்லை."

"அப்ப இது என்னங்க?"

"பதற்றம். பயம்னும் சொல்லலாம்."

"பதினோரு பேர் பந்தை உதைக்கறதைப் பார்த்தா எனக்குப் பயம்?"

"பந்துக்குப் பயப்படலை. உள்ள ஏறுற படபடப்புக்குத்தான் பயப்படறீங்க. அது ஏறும்போதெல்லாம் எந்திரிச்சு ஓடறீங்க இல்லையா? ஓடினதாலதான் பொழைச்சோம்னு உங்க உடம்பு ஒவ்வொரு தடவையும் நம்பிக்குது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா ஓடச் சொல்லுது."

இது அவருக்குப் பிடித்திருந்தது. பயம் என்று சொன்னபோது கூசியவர், இப்போது பழுது எங்கே என்று ஒருவர் காட்டிவிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவிக்கு அப்படியொன்றும் பிடிக்கவில்லை. அவரும் அதே தொழிற்சாலைதான், இஸ்திரிப் பிரிவு. "நூத்து நாப்பது மெஷினுக்கு நூல் டென்ஷன் சரி பண்றீங்க, உங்களுக்கு ஒண்ணு சரி பண்ணிக்கத் தெரியலை. பேசாம விட்டுத்தொலைங்க."

"மெஷின் நின்னுபோச்சுன்னு தூக்கியா போடறோம்?"

"மெஷின் ஆம்புலன்ஸ்ல போகாது. ஆஸ்பத்திரி வரைக்கும் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தது நான்."

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு நிபந்தனை சொன்னார். "ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடிக் காட்டாத மெஷினை ரிப்பேர் ஆச்சுன்னு நான் கையெழுத்துப் போடறதில்லை. எனக்கும் அதேதான். இந்த சீசன் முடியறதுக்குள்ள ஒரு ஆட்டமாவது, ஆரம்ப விசில்லேர்ந்து கடைசி விசில் வரைக்கும் உக்காந்து பார்க்கறேன். முடியலைன்னா அந்த இருக்கையை எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். அப்புறம் பந்துன்னே பேச மாட்டேன்."

"டிவியிலயும்?"

"டிவியிலயும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஆனா நீங்க உக்காந்திருந்தீங்களா இல்லையான்னு நான் டிரைவர் தம்பியைத்தான் கேப்பேன்."

மெஷினில் பழுது பார்க்கும்போது அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு திருகைத்தான் தொடவேண்டும். இரண்டைத் திருப்பிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டுப்போனாலும் தெரியாது. அந்தச் சட்டத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டார். வேலைக்கு வைத்திருக்கும் பாக்கெட் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். முதல் ஆட்டத்துக்கு, எப்போதும்போல் வெறும் வயிற்றோடு போகாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். வேறெதையும் மாற்றவில்லை. எழுபத்தோராவது நிமிடத்தில் எழுந்தார். எழுதினார். இரண்டாவதில் மூன்று கப் டீயை ஒன்றாகக் குறைத்தார். எழுபத்து மூன்று. மூன்றாவதில் மற்ற மைதானங்களின் நிலவரம் கேட்க ஒரு காதில் மாட்டிக்கொள்ளும் ரேடியோவை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். எழுபத்தாறு.

ஐந்தாவது ஆட்டத்தில் அவசரப்பட்டார். படிக்கட்டுப் பக்கம் இருப்பதால்தானே ஓட முடிகிறது என்று தோன்றி, வரிசையின் நடுவில் இருப்பவரிடம் கேட்டு இடம் மாற்றிக்கொண்டார். அதே நாளில் மணிக்கட்டுக் கடிகாரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டார். அறுபத்திரண்டாவது நிமிடத்தில் எட்டுப் பேரின் முழங்காலைத் தாண்டி, ஒருவர் மடியிலிருந்த டீயைத் தட்டிவிட்டு, கீழே ஓடினார். ஓடியதைவிட, இரண்டு திருகை ஒன்றாகத் திருப்பியதுதான் அவரை உறுத்தியது. முப்பது வருடம் மற்றவர்களைத் திட்டிய தப்பு. "இடமா, கடிகாரமா? தெரியாது. மடத்தனம்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார். அடுத்த வாரம் பழைய இடம், பழைய கடிகாரம்.

கடிகாரம்தான் வழி காட்டியது. நெஞ்சு அடிக்க ஆரம்பித்ததும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து எண்ணினார். ஒரு நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு. இதுவரை இந்த இடத்தில்தான் எழுந்து போயிருக்கிறார். இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம் என்று இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நூற்று நாற்பத்திரண்டு. இன்னும் ஒன்று. நூற்று நாற்பது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினார். எட்டாவது நிமிடத்தில் நூற்றுப் பதினாறு. ஆடுகளத்தில் எதுவும் மாறவில்லை, அணி அப்போதும் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை நேராக இஸ்திரிப் பிரிவுக்குப் போனார். மனைவி நீராவிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"இறங்குதும்மா."

"எது இறங்குது?"

"படபடப்பு. நான் போகலைன்னா அதுவே போயிடுது. எட்டு நிமிஷந்தான்."

மனைவி ஒரு சட்டையை மடித்து முடித்தார். "அப்போ பதினெட்டு வருஷமா விருந்தாளி வாசல்ல வந்து நின்னதும் நீங்க கொல்லைப்பக்கமா ஓடியிருக்கீங்க."

ஆனால் அந்த விருந்தாளி ஒரு தடவை வந்துவிட்டுப் போகிற ஜாதியில்லை. எண்பதில் இறங்கும், எண்பத்தைந்தில் ஒரு கார்னர் கிடைத்தால் மறுபடி ஏறும். எண்பத்து நான்கு, எண்பத்தேழு என்று நோட்டில் எண்கள் மெல்ல நகர்ந்தன. ஒரு தடவை எண்பத்தொன்பதுவரை இருந்துவிட்டு, நடுவர் கூடுதலாக ஆறு நிமிடம் என்று பலகையைக் காட்டியதும் எழுந்துவிட்டார். கடைசி விசிலை அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்கவில்லை. சீசனில் மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்.

அது சாதாரண ஆட்டமாகவும் இல்லை. அணி அந்த வருடம் மோசமாக ஆடியிருந்தது. கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் முதல் டிவிஷனிலேயே தங்கும். தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள்.

ஒரு டீ குடித்தார், சாப்பிட்டிருந்தார், ரேடியோ வீட்டில் இருந்தது. இருபதாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு பந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அங்குமிங்கும் உருண்டதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் டிரைவர் அவர் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே."

"ம்."

"எல்லாரும் பாக்கறாங்கண்ணே."

"பாக்கட்டும். ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது."

"இன்னிக்கு ஒரே ஒரு நாள். கீழ போய் அஞ்சே நிமிஷம் நில்லுங்க. போதும்."

"இன்னிக்கு நான் போறதில்லை தம்பி."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டிவிஷனே போகப்போகுது, இவருக்கு உக்காந்து பாக்கணுமாம்!" இன்னொருவர், "டீ வாங்கித் தர்றேன், வாங்க சார், கீழ போய்ப் பேசிக்கலாம்" என்று தோளைத் தொட்டார். அதுவரை நெஞ்சுக்குள் மட்டும் இருந்த தொந்தரவு இப்போது நாற்பது பேரின் கண்ணில் வந்து நின்றது. இத்தனை வருடமும் ஓடுவதற்கு அவருக்குக் கால் மட்டும் போதும். இன்று உட்கார்ந்திருப்பதற்கு முழு உடம்பும் வேண்டியிருந்தது. இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றினார். மணிக்கட்டில் விரலை வைத்தார். நூற்று ஐம்பத்தொன்று. இதுவரை நோட்டில் இல்லாத எண்.

கூடுதலாக ஏழு நிமிடம் என்று பலகை காட்டியது. அதில் இரண்டாவது நிமிடத்தில் அணிக்குப் பெனால்டி கிடைத்தது.

ஸ்டாண்டு முழுக்க எழுந்தது. டிரைவர் அவர் முழங்கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணே, கெஞ்சிக் கேக்கறேன். போயிடுங்கண்ணே."

"எனக்கும் அந்தப் பந்துக்கும் நடுவுல பெல்ட் எதுவும் ஓடலை தம்பி. என் காலைத் தூக்கினா அவன் கால் தூக்காது."

"போயிருந்தப்பல்லாம் விழுந்துச்சே!"

"போயும் விழாதது எத்தனைன்னு எண்ணினியா?"

எல்லோரும் நின்றதால் அவருக்கு ஆடுகளம் மறைந்தது. ஓடுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. எழுந்தார். படிக்கட்டுப் பக்கம் ஒரு கால் போனது. டிரைவர் முகம் மலர்ந்தது. அவர் அந்தக் காலை இழுத்து இருக்கையின் மேல் வைத்து, அதன்மேல் ஏறி நின்றார்.

அடிக்கப் போகிற ஆட்டக்காரன் பந்தை வைத்துவிட்டு, எடுத்து, மறுபடி வைத்தான். பின்னால் நான்கு அடி நடந்தான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். அவனுக்கும் வேர்க்கிறது என்று இவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் கடைசி நிமிடங்களில் வரும் ஒரு பெனால்டியை அவர் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கீப்பர் வலப்பக்கம் பாய்ந்தான், பந்து இடப்பக்கம் போனது, கம்பத்தின் உள்விளிம்பில் பட்டு, கோட்டின் மேலேயே குறுக்காக உருண்டு வெளியே போனது.

சத்தம் அறுந்தது. டிரைவர் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பின்வரிசைக் குரல் ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னது, அது யாருக்கு என்பதில் சந்தேகமில்லை. இவர் இருக்கையிலிருந்து இறங்கி, கைக்குட்டையால் அதைத் துடைத்து, உட்கார்ந்தார். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டார். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நான்கையும் பார்த்தார். விசில் ஊதியபோது ஆட்டக்காரர்கள் புல்லில் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். அவர் கண்ணிலும் நீர் வந்தது. அதையும் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

டிரைவர் எழுந்து, அவரைத் தாண்டிப் போகும்போது நின்றார். "அடுத்த வருஷம் உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்ணே. சொல்லிட்டேன்."

"சரி தம்பி. என் வீட்டுக்காரி போன் பண்ணுவா. நான் உக்காந்திருந்தேன்னு மட்டும் சொல்லிடு."

டிரைவர் படியிறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "டிரைவர் தம்பி எடுத்த எடுப்புல, 'உக்காந்தே கெடுத்துட்டாரு'ன்னு சொல்லிட்டு வச்சுட்டான்."

"ஆமா. தோத்துட்டோம். இரண்டாம் டிவிஷன்."

"அப்ப அடுத்த வருஷமும் போகப்போறீங்க."

"போறேன்."

மனைவி கத்தியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "எப்படித் தோத்தீங்க, சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தார். வழக்கமாக அவர் கதை எழுபதாவது நிமிடத்தோடு நின்றுவிடும், மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் சேர்ப்பார். இன்று நிற்கவில்லை. எண்பதைத் தாண்டி, பலகையைத் தாண்டி, பெனால்டிக்கு வந்தார். அவன் பந்தை எடுத்து மறுபடி வைத்ததையும் கையைத் துடைத்ததையும் சொன்னார். பந்து கோட்டின் மேல் உருண்டதை மேஜையில் விரலால் இழுத்துக் காட்டினார். மனைவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"போதும் சாமி. எனக்கே படபடங்குது. அடுப்பைப் பாக்கணும்."

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார் அவர். "உக்காரு."