தாழிக்குப் போட்ட தார்ப்பாய்

மாசியில் மழை வராது என்ற தைரியத்தில்தான் ஆலங்காயம் மலையடியில் வாங்கிய மனையில் கடைக்கால் வெட்டினோம். மழைக்கு இப்போதெல்லாம் மாசமும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை. வந்து கொட்டித் தீர்த்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் பள்ளத்தின் ஓரம் சரிந்து, ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பழைய மண்தாழி எட்டிப் பார்க்கிறது. பக்கத்து மனையிலும் ஒன்று.

"ஆதிகாலத்து ஆளைப் பொதைச்சிருக்காங்க," என்று என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார்.

நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் முதுகு ஒடிய உட்கார்ந்து வாங்கிய மனை. தொல்லியல்காரர்கள் காதில் விழுந்தால் வீடு அவ்வளவுதான்.

"யார்கிட்டயாவது வாயத் தொறந்தீங்க, பேஜாராய்டும்!" என்றேன்.

மேஸ்திரியோ, எலும்பு இருந்தாலும் இருக்கும், பங்குனி போகட்டும், சித்திரையில் பூஜை போட்டுத்தான் கை வைப்பேன் என்று கிளம்பிவிட்டார். அதுவரை யார் கண்ணிலும் படக்கூடாதே! நல்ல கெட்டியான நீலத் தார்ப்பாய் வாங்கி, தாழியை மூடி, சுற்றிலும் கல் வைத்தேன். பங்குனியிலேயே அக்கினி நட்சத்திரம் மாதிரி வெயில் காய்ந்தது. நடுவில் மறுபடியும் மழை. பக்கத்து மனைக்காரர் எதையும் மூடவில்லை. அவருடைய தாழி வெயிலில் வெடித்து மழையில் நொறுங்கியது. மிச்ச ஓடுகளை வாரிக் கொட்டிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

சித்திரை பிறக்குமுன் தொல்லியல் அதிகாரி வந்து நின்றார். நீலம் ரோட்டிலிருந்தே பளிச்சென்று தெரிந்ததாம். தார்ப்பாயைத் தூக்கியவர் அப்படியே கும்பிட்டார்.

"மலையோரம் பூரா வெயிலும் மழையும் மாறி மாறி அடிச்சு எல்லாம் தூளாப் போச்சு. நீங்க ஒருத்தர்தான் மேடம் காப்பாத்தி வச்சிருக்கீங்க!"

"பழசுன்னா அவங்களுக்கு உசுரு சார்," என்றார் என் வீட்டுக்காரர். அந்த மனுஷனைக் கடித்துக் குதறியிருப்பேன், அதிகாரி இருந்தாரே என்று பார்த்தேன். எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். தாழியை அதே தார்ப்பாயால் மறுபடி மூடிவிட்டு, மனையில் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

பக்கத்து மனைக்காரர் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவர் மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் பள்ளம் நன்றாகத் தெரிகிறது.

இந்தத் தையில் பருவம் தப்பி மறுபடியும் மழை. வாடகை வீட்டில் ஒழுகிய இடத்தில் குண்டானை வைத்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்டார்: "அந்தத் தார்ப்பாயையாவது திருப்பிக் கேக்கலாமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"வேணாம், வுடுங்க. நம்ம மனைல குடியிருக்கிறது அந்த ஆளு ஒருத்தர்தான். அவராவது நனையாம இருக்கட்டும்."