விருந்தாளி வாத்தியார்

இங்கிலீஷ் வாத்தியார்கள் ஏன் நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், காஸ் சிலிண்டருக்குப் பயந்துதான் என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஒருவரை என் அக்கா கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். தொண்ணூறுகள் முழுக்க அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

மைசூரில் அப்போது வெளிநாட்டு வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. விஜயநகரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் யாராவது ஒருவர் வீட்டு ஷோகேசில் ஆப்பிரிக்க மரமுகம் ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். அவர்களில் பலர் தங்கை கல்யாணத்துக்காகவும் அப்பாவின் கடனுக்காகவும் போனவர்கள். எங்கே கூடுதல் சம்பளமோ அங்கே மாறினார்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா புருஷனான எங்கள் மாமா அந்த ரகமில்லை.

அவர் ஒவ்வொரு நாட்டை விட்டு வரும்போதும் ஒரு காரணத்தோடு வருவார். எத்தியோப்பியாவில் குளிர் எலும்பில் ஏறிவிட்டதாம். நைஜீரியாவில் வெயில் மண்டையைப் பிளந்ததாம். மாலத்தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிந்து தலை சுற்றியதாம். நான் வங்கியில் குமாஸ்தா. காரணம் சொல்கிறவர்களைத் தினமும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறவள். மாமாவின் காரணங்களை ஒரு காதில் வாங்கி வைத்துக்கொண்டு, நடுநடுவே அவரே உளறியவற்றை இன்னொரு காதில் வாங்கிக்கொண்டேன்.

எத்தியோப்பியாவில் முதல் வருஷம் வீடு வீடாகக் கூப்பிட்டு, எதிரிலேயே காபிக்கொட்டையை வறுத்து, காபி போட்டுக் கொடுத்தார்களாம். அடுத்த வருஷம் கூப்பிடுவது நின்றது. சாயங்காலம் விளையாட்டு மைதானத்தில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். குளிர் எலும்பில் ஏறியது அப்போதுதான். நைஜீரியாவில் ஊர்ப் பெரியவர் துணி போர்த்தி வரவேற்றார். பிறகு விடுதிச் சாப்பாட்டை மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். உடனே வெயில் தாங்கவில்லை. புதிதாக வந்தவருக்கும் கிளம்புகிறவருக்கும் உலகம் முழுக்க மரியாதை உண்டு. நடுவில் இருக்கிறவனுக்கு வேலைதான் உண்டு. அந்த நடுப்பகுதிதான் இந்த மனுஷருக்கு ஆகாது.

மைசூருக்கு லீவில் வந்தாலும் அதே கதைதான். முதல் மாதம் அக்கா கோழிக் குழம்பு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் எடுத்து ஸ்ரீரங்கப்பட்டணம் போவார்கள். பழைய பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்துவார்கள். அந்தப் பேட்டாவை வீட்டுக் கண்ணாடி முன்னால் இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பார். இரண்டாம் மாதம் அக்கா மெதுவாக, "ஏங்க, சிலிண்டர் தீர்ந்துபோச்சு. ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன்" என்பாள். மாமா செய்தித்தாளை மடிப்பார். மூன்றாம் மாதம் ஏதாவது ஒரு நாட்டுக்கு விண்ணப்பம் போயிருக்கும்.

இதில் அக்கா பட்ட பாடுதான் எனக்கு வயிற்றெரிச்சல். விஜயநகரில் அவர்களுக்கு ஒரு மனை இருந்தது. அதில் வீட்டை எழுப்பியவள் அவள். கொள்ளேகாலத்துக் கொத்தனார்களோடு வெயிலில் குடை பிடித்து நின்றாள். காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். சமையலறை மேடை தன் உயரத்துக்குச் சரியாக வரவில்லை என்று இடித்துக் கட்டச் சொன்னாள். வீடு முடிந்தது. ஆனால் குடி போக முடியவில்லை. கிரகப்பிரவேசத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மணையில் உட்கார வேண்டும் என்று புரோகிதர் சொல்லிவிட்டார். எங்கள் சொந்தக்காரர்களும் ஒரே குரலில், "அவர் வரட்டும்" என்றார்கள். புதுவீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த தெருவில் ஒழுகும் வாடகை வீட்டில் அக்காவும் அவள் மகளும் பாத்திரம் வைத்து மழைநீர் பிடித்தார்கள். தினமும் சாயங்காலம் புதுவீட்டு வாசலைப் பெருக்கி, கோலம் போட்டுவிட்டு, உள்ளே கால் வைக்காமல் திரும்பி வருவாள். புத்தியுள்ள யாராவது செய்வார்களா? நாங்கள் செய்தோம்.

முதலில் குறித்த முகூர்த்தத்துக்கு மாமா நைஜீரியாவிலிருந்து நேராக மாலத்தீவுக்குப் போய்விட்டார். அடுத்த தரம் வந்தார், ஆனால் ஆடி மாதத்தில் வந்தார். ஆடியில் யாராவது புதுவீடு புகுவார்களா? ஆவணி பிறக்கும் முன்பே பெட்டி கட்டினார். தெரியாமல் நடந்தது என்று அக்கா சொன்னாள். ஷேக்ஸ்பியர் காலத்துக் கிழமையெல்லாம் தெரிந்தவருக்கு ஆடி தெரியாதா? குடி போய்விட்டால் குழாய் ஒழுகினாலும் கரண்ட் பில் வந்தாலும் தன் தலையில்தானே விழும் என்ற பயம் அது. அந்தக் கோழைத்தனத்துக்கு நான் வேறு பேர் வைக்க மாட்டேன்.

மூன்றாவது முகூர்த்தத்துக்குப் பத்திரிகையே அடித்தாகிவிட்டது. வாடகை வீட்டுக்கார அம்மாள் வீட்டுக்கு மாமாவின் போன் வந்தது. நானும் கூடப் போனேன். போட்ஸ்வானாவில் உடனே வந்து சேரச் சொல்கிறார்கள், அங்கே தன்னை ரொம்ப எதிர்பார்க்கிறார்கள் என்றார். அக்கா, "சரிங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

வீட்டுக்கார அம்மாள் கன்னடக்காரி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஹாலு உக்கிஸி ஒளகே ஹோகம்மா" என்றாள். பாலைப் பொங்க விட்டு உள்ளே போ என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அதே முகூர்த்தத்தில் அக்கா பூட்டைத் திறந்து, வலது காலை வைத்து, தன் உயரத்துக்குக் கட்டிய மேடையில் பாலைப் பொங்க விட்டாள். புரோகிதர் வரவில்லை. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பைத் துடைத்துவிட்டு எங்களுக்கு ரவையை வறுத்து உப்பிட்டு கிண்டினாள்.

போட்ஸ்வானாவையும் விட்டு ஒரு காரணத்தோடு மாமா வந்தபோது அவள் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. ஹாலில் உட்காரவைத்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள். முன் அறையில் படுக்கை போட்டாள். மகள் புதுத்துண்டு எடுத்து நீட்டி, "பாத்ரூம் அந்தப் பக்கம்" என்று வழி காட்டினாள். இரண்டாம் மாதமும் கோழிக் குழம்பு வந்தது. மூன்றாம் மாதமும் யாரும் எதையும் செய்யச் சொல்லவில்லை. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே எங்கேயும் போறதா இல்ல. இங்கேயே இருந்துடலாம்னு இருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சீ என்று இருந்தது. அக்காவுக்குச் சொரணையே போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் அடுப்பு அணைந்தது. அக்கா புடவையை மாற்றிக்கொண்டு காஸ் ஆபீசுக்குக் கிளம்பினாள். ஊரே பார்க்கும்படி பெண்டாட்டி போவது உறைத்ததோ என்னவோ, மாமா எழுந்தார். என் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

"காஸ் புக்கைக் குடு, சிலிண்டருக்கு நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க எதுக்குங்க? வந்த இடத்துல சும்மா உக்காருங்க. எப்பக் கிளம்பறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."