பிரிட்ஜ் கைபிடியில் கட்டிய துணி

எங்கள் வீட்டு பிரிட்ஜ் உம்மாவை மட்டும்தான் கடிக்கும். தொண்ணூறுகளின் நடுவில் என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா, குவைத்திலிருந்து அனுப்பிய பெட்டி அது. உம்மா ளுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ எடுத்துவிட்டு, ஈரக் காலோடு தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போவார், கரண்ட் அடித்து "ஊய்!" என்று கையை உதறுவார். நான் தொட்டால் ஒன்றுமே இராது. "உங்கட நரம்புலதான் உம்மா பிழை" என்று நக்கலடிப்பேன். அவர் பழைய சாரனைக் கிழித்துக் கைபிடியில் சுற்றிக் கட்டினார்.

எனக்குக் கொஞ்சம் திமிர்தான். பெட்டி வந்தபோது அதன் பிளக் கம்பிகள் தட்டை. எங்கள் சுவரில் இருந்ததோ மூன்று வட்ட ஓட்டை. கல்முனை பஸாரில் வட்டக் கம்பிப் பிளக் வாங்கி நானே மாற்றினேன். எங்கள் ஒழுங்கையில் அப்படிச் செய்த பொம்பிளை நான் ஒருத்திதான். அதற்குப் பிறகு வெளிநாட்டு பிரிட்ஜ் வந்த மூன்று வீட்டிலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ராத்தாவின் மகள் எங்களோடு வளர்ந்தாள். நடக்கத் தொடங்கிய புதிதில், ஒரு நாள் குளித்த ஈரம் துவட்டுமுன் பிரிட்ஜை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். உம்மா பாய்ந்து தூக்கினார்.

"இந்தப் பெட்டி இனி வேணாம். வித்துத் தள்ளு!"

அன்று முழுக்க உம்மா பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவேயில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு நக்கல் வரவில்லை. ஆனால் ஏன் அவரை மட்டும் கடிக்கிறது என்ற கேள்வி என்னை விடவேயில்லை.

குதிக்கால் வெடிப்புக்காக நான் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புப் போடுவேன். அதைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் பிரிட்ஜ் கதவின் ஓரத்தைத் தொட்டேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. காலை நனைத்துவிட்டுத் தொட்டேன். யா அல்லாஹ்! முழங்கை வரை வெட்டி இழுத்தது. செருப்பைப் போட்டுத் தொட்டால் ஒன்றுமில்லை. விசர் வேலைதான், ஆனாலும் அந்த நேரம் பயத்தைவிடப் புதினம்தான் பெரிதாக இருந்தது.

பிளக்கை இழுத்தெடுத்துத் திறந்தேன். இரண்டு வயர் பூட்டியிருந்தது. பெரிய கம்பி வெறுமனே நின்றது. அதில் பூட்ட வேண்டிய பச்சை மஞ்சள் வயரை, பல்புக்கு இரண்டு வயர் போதும்தானே, இது எதற்கு என்று அடியோடு வெட்டியது நான்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பெட்டியில் கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் வயர் அதுதான். அது இல்லாமல் அத்தனை மாதமும் கரண்ட் உம்மாவின் ஈரக் கால் வழியாக இறங்கியிருக்கிறது.

"நீ பூட்டின நாள்ல இருந்துதான் மகள், பெட்டி கடிச்ச" என்றார் உம்மா.

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"ஊரே உன்னப் புகழுது. நான் என்னெண்டு சொல்ற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளி உறையை இன்னும் கொஞ்சம் உரித்து, அந்த வயரை வெளியே எடுத்துச் சீவிப் பெரிய கம்பியில் இறுக்கிப் பூட்டினேன். பிளக்கைத் திரும்பக் குத்தி, பெட்டியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. உடனே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கும், அடுத்துப் போக வேண்டிய மற்ற இரண்டு வீட்டிலும் இதே வயரை வெட்டியது நான்தான்.

பக்கத்து வீட்டு பிரிட்ஜ் கைபிடியிலும் பூப்போட்ட துணி சுற்றியிருந்தது.

"இது எதுக்கு மாமி?"

"உங்கும்மா கட்டியிருந்தாவே மகள், வடிவா இருந்திச்சி. கட்டினதோட கரண்ட் அடிக்கிறதும் நிண்டு போய்த்து."